மண் கட்டிக்குள் எவ்வளவு சிமென்ட்? பெங்களூர் செம்மண்ணும் ஆய்வுக்கூட எண்களும்

பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் வீடு கட்டக் கிளம்புகிறவர்கள் சுவருக்கு என்ன போடுவது என்று கேட்டால் நான்கு பதில்கள் வருகின்றன: சூளைச் செங்கல், சாலிட் பிளாக், ஹாலோ பிளாக், மண் கட்டி. முதல் மூன்றில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நான்காவதைச் சொன்னதும் வீட்டுப் பெரியவர்கள், "மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?" என்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் மேஸ்திரிகளில் பலரும் ஒரு சமரசம் சொல்வார்கள்: "மண்ணுன்னா பயமா இருக்கு சார், சிமென்ட்டைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுடலாம்." 7 சதவீதம் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தது களத்தில் 10, 12 என்று ஏறுவது இப்படித்தான்.

இந்தச் சமரசம் இரண்டு வகையில் தவறு. கட்டியின் குறை பெரும்பாலும் சிமென்ட் குறைவதால் வருவதில்லை, அதனால் சிமென்ட்டைக் கூட்டினால் குறை போவதும் இல்லை. மண் கட்டியைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணமும், அதாவது செய்ய ஆகும் ஆற்றல் குறைவு என்பதும், அதோடு கரைந்துபோகிறது. இரண்டையும் புரிந்துகொள்ள மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

பச்சைச் செங்கல் அல்ல

கிராமத்தில் மண்ணைக் குழைத்து, அச்சில் போட்டு, வெயிலில் காயவைத்து அடுக்குவது பச்சைச் செங்கல். அது தண்ணீரில் கரையும். இங்கே பேசுவது நிலைப்படுத்திய மண் கட்டி. களத்தில் இதை மட் பிளாக் என்பார்கள். சலித்த மண்ணையும் மணலையும் சிமென்ட்டோடு கலந்து, ஈரம் மட்டும் தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளித்து, இயந்திர அச்சில் அழுத்தி எடுத்து, வாரக்கணக்கில் நனைத்து ஆற்றிய கட்டி இது. இதற்குச் சூளை கிடையாது. இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கென்றே ஐ.எஸ். 1725 இருக்கிறது, அதன் திருத்திய வடிவம் ஒன்று 2013இல் வந்தது.

மண்ணுக்குள் இருக்கும் மூன்று அளவுகள்

பொறியாளருக்கு மண் என்பது துகள்களின் அளவு. 4.75 மி.மீ.க்குக் கீழே 0.075 மி.மீ. வரை மணல். அதற்குக் கீழே 0.002 மி.மீ. வரை வண்டல். அதற்கும் சிறியது களி. மணலும் வண்டலும் உடைந்த பாறைத் துகள்கள். தண்ணீர் பட்டாலும் தம் அளவு மாறாதவை. களி வேறு சாதி. தட்டுத் தட்டாக இருக்கும், தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும்.

களியிலும் வகை உண்டு. பெங்களூர் செம்மண்ணில் பெரும்பாலும் இருப்பது கயோலினைட். அது அதிகம் உப்பாது. ஒரு கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர் பரப்புதான். கரிசல் மண்ணில் இருக்கும் மாண்ட்மோரிலோனைட் ஒரு கிராமுக்கு 800 சதுர மீட்டர் வரை பரப்புக் கொண்டது; ஈரத்தில் பெரிதாக உப்பும். சிமென்ட்டால் அதை அடக்க முடியாது, சுண்ணாம்புதான் அதற்கு மருந்து. பெங்களூரில் கரிசல் இல்லையே என்று விட்டுவிடவும் கூடாது. பழைய ஏரிப் படுகைகளின் மேல் எழுந்த லேஅவுட்டுகளில் தோண்டினால் கறுத்த வண்டலும் களியும் வரும். அந்த மண் கட்டிக்கு உதவாது. வேறு இடத்துச் செம்மண்ணைத்தான் கொண்டுவர வேண்டும்.

ஏன் 15 சதவீதக் களி?

மண் கட்டியில் பசை இரண்டு. அச்சிலிருந்து எடுத்த நொடியில் கட்டியைச் சிதறாமல் பிடித்துவைப்பது களி. வாரங்கள் கழித்து மழையிலும் நிற்கவைப்பது சிமென்ட். சிமென்ட் நீரோடு வினைபுரிந்து உருவாகும் கூழ் மணல் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டுகிறது. களி அதிகமானால் அது மணலின் மேல் போர்வை மாதிரி படிந்து, கூழ் மணலைத் தொடவிடாமல் செய்கிறது. ஒட்டாமல் மிஞ்சிய களி ஒவ்வொரு மழைக்கும் உப்பி, ஒவ்வொரு வெயிலுக்கும் சுருங்கி, உள்ளுக்குள்ளேயே விரிசலை வளர்க்கிறது. களி மிகக் குறைந்தாலோ, அச்சிலிருந்து தூக்கும்போதே ஓரங்கள் உதிரும்.

இந்த இரண்டு தொல்லைக்கும் நடுவே சிமென்ட் கட்டிக்கு நல்ல பலம் தரும் இடம் சுமார் 14 முதல் 16 சதவீதக் களி என்பது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி.வி. வெங்கடராம ரெட்டி குழுவினர் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. மணல் மூன்றில் இரண்டு பங்குக்கு வரவேண்டும். தோண்டி எடுக்கும் செம்மண்ணில் களி இதைவிட அதிகமாக இருப்பதே வழக்கம். ஆகவே மணலோ கல்குவாரித் தூளோ சேர்க்காமல் செம்மண்ணை மட்டும் வைத்து நல்ல கட்டி செய்வது அநேகமாக நடக்காது. களத்தில் முதலில் தவறுவது இங்கேதான். "நம்ம சைட்டு மண்ணே போதும்" என்று மணலை மிச்சம் பிடிப்பார்கள், கட்டி வெடிக்கும், பழி சிமென்ட் மேல் விழும்.

களத்திலேயே மண்ணைப் பார்ப்பது

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டியவை:

1. மேல்மண் அரை மீட்டரை ஒதுக்குங்கள். வேரும் மக்கிய இலையும் சிமென்ட் இறுகுவதைத் தடுக்கும்.

2. நேர்ப்பக்கக் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும். வண்டல் அரை மணி நேரம் எடுக்கும். களி மறுநாள் வரை மிதக்கும். அடுக்குகளின் உயரத்தை அளந்தால் விகிதம் கிடைக்கும். களி தண்ணீர் குடித்து உப்பியிருப்பதால் இந்த முறை களியைச் சற்று மிகையாகவே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. 600 மி.மீ. நீளம், 40 மி.மீ. அகலம், 40 மி.மீ. ஆழத்தில் மரப்பெட்டி இரண்டு. உள்ளே எண்ணெய் தடவி, ஒன்றில் செம்மண் மட்டும், இன்னொன்றில் மணல் கலந்தது. இரண்டையும் கூழாகக் குழைத்து நிரப்பி நிழலில் காயவிடுங்கள். முனையில் விடும் இடைவெளியே சுருக்கம். மேஸ்திரிக்கு நூறு சொற்களில் விளக்குவதை இந்த இரண்டு பெட்டிகள் ஒரே பார்வையில் விளக்கிவிடும்.

வீடு முழுவதற்கும் ஒரே சோதனை போதாது. குவியல் மாறினால், லாரி மாறினால், பாட்டில் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கலவைக் கணக்கு

மண்ணில் 30 சதவீதக் களி இருக்கிறது, 15 வேண்டும் என்றால் அதே எடை மணல் சேர்க்க வேண்டும். 36 சதவீதம் இருந்தால் ஒரு பங்கு மண்ணுக்கு 1.4 பங்கு மணல்.

கட்டியின் அளவு 230 × 190 × 100 மி.மீ. அல்லது 305 × 143 × 100 மி.மீ. இரண்டின் கனஅளவும் ஏறத்தாழ ஒன்றே: 0.00437 கன மீட்டர். உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1,850 கிலோ இருக்க வேண்டுமானால் ஒரு கட்டியின் உலர் எடை சுமார் 8.1 கிலோ. 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 350 கிலோ செம்மண்ணும் 350 கிலோ மணலும் போட்டால் சிமென்ட் 7 சதவீதம். இதில் 92 கட்டிகள் வரும். ஒரு கன மீட்டர் சுவருக்கு, இணைப்புகளைக் கழித்து, சுமார் 183 கட்டிகள். அதாவது கட்டிகளுக்கு மட்டும் இரண்டு மூட்டைச் சிமென்ட்.

ஆனால் முழு மூட்டையை ஒரே நேரத்தில் கலக்கக் கூடாது. ஆறேழு பேர் கைவிசை அச்சில் நாளுக்கு 400 முதல் 500 கட்டி போடுவார்கள். 92 கட்டிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். ஈரம் பட்ட சிமென்ட் அதற்குள் இறுகத் தொடங்கியிருக்கும். அப்படி இறுகியதை மறுபடி தண்ணீர் விட்டுப் பிசைந்தால் போன பலம் திரும்பாது. அரை மூட்டை வீதம் கலந்து முக்கால் மணிக்குள் முடிப்பது நல்லது. முதலில் மண்ணை 5 மி.மீ. சல்லடையில் சலித்து, சிமென்ட்டை உலர்ந்த நிலையிலேயே ஒரே நிறம் வரும்வரை புரட்டி, பிறகுதான் தண்ணீர். உருண்டையாக நிற்கும் களிக்கட்டிகளுக்குள் சிமென்ட் நுழையாது. பிற்பாடு சுவரில் குழி விழுவது அந்த இடங்களில்தான்.

அச்சுக்குள் நடப்பது: ஈரமும் எடையும்

தண்ணீர் சுமார் 10 சதவீதம். கைப்பிடி கலவையை உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. தூளாகச் சிதறினால் ஈரம் போதாது. அப்பளம் மாதிரி அமுங்கி ஒட்டினால் அதிகம்.

அடுத்தது, மொத்த வேலையிலும் முக்கியமானது என்று நாம் கருதுவது, எடை. அச்சுப்பெட்டியின் கனஅளவு மாறாது. உள்ளே போகும் கலவையின் எடைதான் அடர்த்தியைத் தீர்மானிக்கிறது. 8.9 கிலோ ஈரக் கலவை போகவேண்டிய இடத்தில் 8.4 கிலோ போனால் அடர்த்தி 1,850இலிருந்து 1,750க்கு இறங்கிவிடும். கண்ணுக்கு இரண்டு கட்டியும் ஒரே மாதிரிதான் இருக்கும். பலத்தில் பெரிய இடைவெளி விழும். லீவரை இழுப்பவருக்கு எடை குறைந்த கட்டிதான் சுலபம் என்பதால், மாலை நேரக் கட்டிகள் தாமாகவே லேசாகிவிடுகின்றன. அளந்து போடச் சட்டியை நம்பாமல் ஒரு தராசை வையுங்கள். பத்துக் கட்டிக்கு ஒன்றை எடுத்து நிறுத்து, சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவையுங்கள். ஒரு தராசின் விலைக்கு இவ்வளவு பலன் தரும் வேறு கருவி இந்த வேலையில் இல்லை.

வந்த கட்டியை நிழலில் நெருக்கமாக அடுக்கி, வைக்கோலோ சாக்கோ போர்த்தி, மறுநாள் முதல் 28 நாள் நனைக்க வேண்டும். ஒரு வாரத்தில் உலரவிட்டால் சிமென்ட் வினை பாதியில் நின்றுபோகும். போட்ட சிமென்ட்டுக்குக் காசு கொடுத்தாயிற்று, பலம் மட்டும் வராது.

கூடுதல் சிமென்ட் கொண்டுபோவது எதை?

கட்டிடப் பொருட்களைத் தயாரிக்க ஆகும் ஆற்றல் செலவை வெங்கடராம ரெட்டியும் அதே கழகத்தின் கே.எஸ். ஜகதீஷும் 2003இல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஒரு சூளைச் செங்கலுக்கு 4.25 மெகாஜூல். 6 சதவீதச் சிமென்ட் போட்ட ஒரு மண் கட்டிக்கு 2.6 மெகாஜூல். கட்டி அளவில் இரண்டரைச் செங்கலுக்கும் மேல் என்பதால், ஒரு செங்கல் அளவுக்குப் பார்த்தால் 1 மெகாஜூல்தான் வருகிறது. செங்கலின் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு.

அந்த 2.6 மெகாஜூலில் ஏறக்குறைய முழுவதும் சிமென்ட்டுடையது. எனவே சிமென்ட்டை 8 சதவீதமாக்கினால் கட்டிக்கு 3.5, செங்கல் அளவுக்கு 1.35. 7 சதவீதச் சிமென்ட் போட்ட ஹாலோ பிளாக்குக்கு அதே அட்டவணையில் 1.32. அதாவது 8 சதவீதத்திலேயே மண் கட்டியின் மேன்மை ஹாலோ பிளாக்குக்குச் சமமாகிவிடுகிறது. 12 சதவீதம் போட்டால் இதே விகிதத்தில் 2 மெகாஜூலைத் தொடும். ஹாலோ பிளாக் எவ்வளவோ மேல் என்றாகிவிடும். மணல் சேர்த்துக் களியைக் குறைப்பதும், எடை பார்த்து அடர்த்தியை ஏற்றுவதும் சிமென்ட் செய்யாத வேலையைச் செய்கின்றன, அதுவும் மிகக் குறைந்த ஆற்றல் செலவில்.

சுவரானபின் தாங்குமா?

மண் கட்டியை உலர்ந்த நிலையில் உடைத்துப் பார்த்துப் பலம் சொல்பவரை நம்ப வேண்டாம். தண்ணீரில் ஊறவைத்து உடைத்த எண்ணே எண். ஊறிய கட்டியின் பலம் உலர்ந்ததில் பாதியோ அதற்கும் குறைவோதான் இருக்கும். மேலே சொன்ன கணக்கில் சரியாகச் செய்த கட்டி ஊறிய நிலையில் 3 முதல் 4 மெகாபாஸ்கல் (சதுர செ.மீ.க்குச் சுமார் 30 முதல் 40 கிலோ) தரும்.

230 மி.மீ. தடிமனுள்ள சுவரில் இரண்டு தளச் சுமை இறங்கினால், அடியில் அழுத்தம் சுமார் 0.3 முதல் 0.4 மெகாபாஸ்கல். சுவர்க் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 1905 விதி 3.5 மெகாபாஸ்கல் கட்டிக்கு, நல்ல கட்டுக்கலவையோடு, 0.35 வரைதான் அனுமதிக்கிறது. பத்தில் ஒரு பங்கு. ஆக இரண்டு தளம் என்பது கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய எல்லை. மூன்று தளமானால் இன்னும் பலமான கட்டியோ தடித்த சுவரோ வேண்டும். இதைப் பொறியாளர் கையெழுத்தில்லாமல் மேஸ்திரியின் அனுபவத்துக்கு விடக் கூடாது.

கெடுவது அநேகமாக நான்கு இடங்களில்:

1. கட்டுக்கலவை. ஒரு சிமென்ட், ஒரு மண், ஆறு மணல் என்ற கலவை மண் கட்டியோடு நன்றாகப் பிடிக்கும். ஒன்றுக்கு நான்கு என்று கெட்டியான சிமென்ட் கலவை வைத்தால், சுவர் அசையும்போது விரிசல் இணைப்பில் விழாமல் கட்டியைப் பிளந்துகொண்டு போகும்.

2. வைக்கும்போது கட்டியின் ஈரம். காய்ந்த கட்டி கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். முழுக்க ஊறிய கட்டி எதையும் உறிஞ்சாது, அதனால் பிடிப்பும் வராது. நனைத்து, மேல்நீர் வடிந்தபின் வைக்க வேண்டும்.

3. அடியும் தலையும். தரையிலிருந்து 450 மி.மீ. வரை கருங்கல் அடித்தளம், அதன்மேல் ஈரத்தடுப்பு அடுக்கு, மேலே 600 மி.மீ. நீட்டிய சஜ்ஜா (சன்ஷேட்). பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 970 மி.மீ. மழை. நேராக விழும் மழையைவிடத் தரையில் மோதித் தெறிக்கும் மழைதான் சுவரின் கீழ் அடியை அரிக்கிறது.

4. குழாயும் வயரும். கட்டி முடித்த சுவரை மிஷினால் வெட்டி பைப் பதிப்பது தடிமனைக் குறைக்கிறது. பாதை முன்பே திட்டமிடப்பட வேண்டும்.

இந்த எண்கள் வந்த வழி

இவை ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் சொன்னவை அல்ல. 1974இல் மின்வேதியியலாளர் ஏ.கே.என். ரெட்டி இந்திய அறிவியல் கழகத்தில் ஆஸ்ட்ரா என்ற பிரிவைத் தொடங்கினார்; கிராமங்களுக்கான தொழில்நுட்பம் அதன் நோக்கம். துமகூரு மாவட்டத்து உங்ரா கிராமத்தில் அதன் களநிலையம் இயங்கியது. கொலம்பியாவில் 1950களில் உருவான சின்வா-ராம் என்ற கைவிசை அச்சின் வழியில் இங்கேயும் அச்சுகள் உருவாயின. ஜகதீஷ் போன்ற கட்டுமானப் பொறியாளர்கள் மண் இயந்திரவியலையும் சுவர்க் கட்டுமானத்தையும் ஆற்றல் கணக்கையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்ட்ரா பின்னாளில் நிலைபெறு தொழில்நுட்ப மையம் ஆனது.

இப்படியோர் ஆய்வில் ஒரு மாணவர் என்ன செய்வார்? களி விகிதம் நான்கு, சிமென்ட் விகிதம் மூன்று, வயது இரண்டு, ஒவ்வொன்றிலும் ஆறு கட்டி என்று எடுத்தாலே 144 கட்டிகள். ஒவ்வொன்றும் எடை பார்த்து அழுத்தி, 28 நாள் ஆற்றி, ஊறவைத்து உடைக்கப்பட வேண்டும். மூன்று அடர்த்திகளையும் சேர்த்துப் பார்த்தால் எண்ணிக்கை மூன்று மடங்காகும். மழை வெயிலில் வைத்துப் பார்க்கும் சோதனைக்கு ஆண்டுகள் ஆகும். இதில் அவசரம் செல்லாது. இந்தத் துறைக்கு வர நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வேகத்தைத்தான்.

படிப்பு வழி

சிவில் பி.இ., பிறகு எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு. அதன் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். எம்.டெக்.கில் கட்டமைப்பு, மண் இயந்திரவியல், கட்டுமானப் பொருள் ஆகியவற்றில் எதை எடுத்தாலும் இந்தத் துறைக்குக் கதவு உண்டு. நம் கணிப்பில் மண் இயந்திரவியல் தெரியாமல் வருபவர்தான் அதிகம் திணறுகிறார். முனைவர் பட்ட ஆய்வில் மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக முதல் வகுப்பு எம்.டெக். போதும். ஐ.ஐ.டி.களில் முனைவர் பட்டமும் அதன்பின் மூன்று ஆண்டு அனுபவமும் எதிர்பார்க்கப்படும்.

கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. சிமென்ட்டையே மாற்றுவது ஒன்று. எல்.சி.3 என்ற கலவையில் கிளிங்கர் (சாதாரண சிமென்ட்டின் மூலமான, சூளையில் சுட்ட உருண்டைகள்) 50 சதவீதம்தான்; மீதியில் சுட்ட களி 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. கிளிங்கருக்கு 1,450 டிகிரி வேண்டும், களியைச் சுட 700 முதல் 850 போதும். அதற்குத் தேவையான களி, நம் செம்மண்ணிலும் இருக்கும் அதே கயோலினைட். ஐ.ஐ.டி. டெல்லியும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் இதில் நீண்ட காலம் உழைத்தன, 2023இல் ஐ.எஸ். 18189 தரமும் வந்துவிட்டது. இந்தச் சிமென்ட்டை மண் கட்டியில் போட்டால் 14–16 சதவீதக் களி என்ற எண் மாறுமா என்பது எடுத்துச் செய்யத்தக்க ஆய்வு.

இன்னொன்று இடிபாடு. ஜல்லி, மணலுக்கான ஐ.எஸ். 383இன் 2016 திருத்தம் இடித்த கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லியைச் சாதாரண கான்கிரீட்டில் 25 சதவீதமும், எம்25 என்ற பலத் தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதமும் அனுமதிக்கிறது. ஜல்லி பிரித்தபின் மிஞ்சும் பொடியை யாரும் விரும்புவதில்லை. அதில் ஒட்டியிருக்கும் பழைய சிமென்ட் பசை தண்ணீரை அதிகம் குடிக்கும். செம்மண்ணின் களியைக் குறைக்க நமக்குத் தேவைப்படும் அந்த 350 கிலோ மணலின் இடத்தில் இந்தப் பொடியைச் சலித்துப் போட்டால், 10 சதவீத ஈரம் என்ற கணக்கும் 8.9 கிலோ என்ற எடையும் புதிதாகப் போடப்பட வேண்டும்.